கணக்கே கேட்காத இன்டர்வியூ

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். பெற்ற பிள்ளையே ஒரு ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாலும் கோமதியக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கும் என்று. அதில் பொய் இல்லை. போன மாதம் ஓய்வு பெறும் வரை இந்தப் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. நல்லவேளை பார்த்தாய் என்று சொன்னவர்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

உங்களில் பலர் நான் படித்த அதே சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். வேலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் நான் தடவித் தடவி முடிப்பதை நீங்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறீர்கள். வேலையில் சேருவதற்கு முன்பே எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பகுதியில் இருந்தவள். மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது என்னைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளஸ் டூவோடு படிப்பை விட்டிருந்த நான், ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் சமுதாயக் கல்லூரியில் கணக்கு உதவியாளர் படிப்புக்குச் சேர்ந்தேன். ஜிஎஸ்டி வந்து அதிக நாளாகாத காலம் அது. சின்னச் சின்னக் கடைக்காரர்கள்கூடக் கணக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வயதைப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

வகுப்பில் என்னை யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் என்னைக் கல்லூரி வைத்த உளவாளி என்று நினைத்தார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எங்களுக்குக் கணக்கு எடுத்த சாருக்கு முப்பது வயது இருக்கும், தற்காலிக வேலை. உதவித்தொகைக்காகப் பெயரைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிற ஆள் நான் என்று அவருக்கு எண்ணம். தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயரில் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாரீஸ்வரி மட்டும்தான். அதுவும் முதல் நாள் தாமதமாக வந்ததால் வேறு இடம் கிடைக்காமல் உட்கார்ந்தவள். சுந்தரபாண்டியத்துப் பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. மவுசைப் பிடிக்கத் தெரியாமல் நான் மேசைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனபோது சிரிக்காமல் என் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தது அவள்தான். அவளுடைய அக்கா பி.காம் முடித்துவிட்டு வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளைப் படிக்க வைத்து என்னத்தைக் கண்டீர்கள் என்று தெருவே கேட்கும்போது இளையவளையும் படிக்க அனுப்பியிருக்கிறார் அப்பா. ஆகவே மாரீஸ்வரிக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை. தெருவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது முரளி வந்தார்.

வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு சாதாரணப் பை. ராஜபாளையத்தில் பல கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறேன், எனக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டும் என்றார். பெரிய சம்பளம் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். முன்பணம் கேட்கவில்லை, சான்றிதழைப் பிடித்து வைக்கவில்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏமாற்றுக்காரன் காசு கேட்பான் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் கேட்காததால் எல்லாருக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கல்லூரிக்கும் மகிழ்ச்சி. படித்தவர்களுக்கு வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அந்தப் படிப்பே தொடருமா என்ற நிலைமை.

இன்டர்வியூ கல்லூரியிலேயே நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். என் முறை வந்தது. முந்தைய நாள் முழுதும் பற்று வரவு, தேய்மானம், வரி விகிதம் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை.

வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்டார். வாடகை என்றேன். கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது என்றார். பான் கார்டு இருக்கிறதா, இதற்கு முன் எங்காவது கடன் வாங்கியதுண்டா, கையில் இருக்கும் போன் நம்பர் உங்களுடையதா, மாற்றாமல் வைத்திருப்பீர்களா என்றெல்லாம் கேட்டார். போன் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொது, மெசேஜ் வந்தால் அவர்தான் படித்துச் சொல்வார் என்றேன். அவர் பேனாவை மூடினார். உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற இடம் வரும்போது கூப்பிடுகிறேன் அம்மா என்று கும்பிட்டு அனுப்பினார். என்னைத் தவிர எல்லாரையும் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது மனசு அரித்தது. மில்லில் கோன் சுற்ற ஆள் எடுத்தபோதுகூட அறுந்த நூலை முடிச்சுப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். கணக்கு எழுத ஆள் எடுக்கிறவர் கணக்கில் ஒரு கேள்விகூடவா கேட்க மாட்டார்? கரண்ட் பில் யார் பெயரில் இருந்தால் இவருக்கு என்ன?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தறி ரிப்பேர் பார்க்கிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் சாரிடம் போனேன். அவரிடம் நான் கேட்டதெல்லாம், எதற்காக இந்தக் கேள்விகள் என்று அந்த முரளியிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள் என்பதுதான். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பெரிய இடங்களில் பின்னணி விசாரிப்பது வழக்கம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு, அதற்காக மற்றவர்களைக் குழப்ப வேண்டாம் என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் முகம் எரிந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரியைப் பிடித்தேன். கையில் அவள் அக்காவுக்கு வாங்கிய பால்கோவாப் பொட்டலம். அவளிடமும் முரளி அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அவர்கள் வீடு சொந்த வீடு, கரண்ட் பில் அப்பா பெயரில். ஆதார், பான், கரண்ட் பில், போட்டோ எல்லாவற்றையும் போனில் அனுப்பியாயிற்று. வேலைக்குச் சேருவதற்கு முன் போனில் ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும், திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். அதிலும் பாதியை விழுங்கித்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, ஒங்களையும் எடுத்திருந்தா இதச் சொல்லிருப்பியளா?"

அவள் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

அவள் கேட்டது சரியான கேள்வி. அதை நான் இரண்டு நாள் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். என்னையும் எடுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்குமா? வந்திருக்கும், ஆனால் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது. அப்படியென்றால் என் சந்தேகத்தில் பொறாமையும் கலந்திருக்கிறது. இதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த இடம் வரும். ஒருவர் மீது சந்தேகம் வரும்போது, அவரால் நமக்கு ஏற்கெனவே ஒரு மனக்கசப்பு இருக்கும். அந்தக் கசப்பு இருக்கிறது என்பதாலேயே சந்தேகம் பொய்யாகிவிடாது. கசப்புதான் உண்மை என்றும் ஆகிவிடாது. போய்ப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

போனேன். சனிக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் மாடியில் அவர் அலுவலகம். கீழே ஒரு தையல் கடை. மாடிக்குப் போகும் படி எது என்று அந்தத் தையல்காரப் பெண்ணிடம் கேட்டேன். உள்ளே யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலைக்கா என்றார். ஆமாம் என்றேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"நித்தம் வயசுப் பிள்ளைக வருதுக, ஏறிப் போகுதுக. ஒருத்திகூட மறாநா வேலைக்கு வந்து நான் பாக்கல."

படி ஏறினேன். நான் யார், எதற்காகப் போகிறேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வேலை கிடைக்காத ஒரு பெண் மறுபடி கெஞ்சிக் கேட்க வந்திருக்கிறாள். அவ்வளவுதான். அது உண்மையும்கூட.

முரளி எழுந்து நின்று வரவேற்றார். அந்த மரியாதை என்னைக் குழப்பியது. கெட்டவன் என்றால் முகத்தில் ஏதாவது தெரிய வேண்டாமா? ஒன்றும் தெரியவில்லை. டீ சொல்லட்டுமா அம்மா என்றார். நான் வேலை கேட்டேன். கையில் இருக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார். நான்கு மேசை இருந்தது. ஒன்றில் மட்டும் மடிக்கணினி. கணக்கு எழுதும் இடத்தில் கோப்பு இருக்கும், குத்திவைத்த ரசீதுகள் இருக்கும், யாராவது ஒரு வியாபாரி வந்து கத்திக்கொண்டிருப்பார். அங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான்.

அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார். சுவரோரம் ஃபிளெக்ஸ் போர்டுகள் சின்னதும் பெரிதுமாக, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி அடுக்கியிருந்தன. மற்றவர் இடத்தில் மற்றவர் பொருளைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தொட்டேன். முன்னால் இருந்ததைச் சாய்த்துப் பார்த்தேன்.

மாரீஸ்வரி டிரேடர்ஸ் என்று இருந்தது. கீழே, சுந்தரபாண்டியம் என்று அவள் வீட்டு முகவரி. அதன் கீழே, பழைய இரும்பு மொத்த வியாபாரம்.

அடுத்ததிலும் ஒரு பெண்ணின் பெயர். அதற்கு அடுத்தது ஜெபராணி டிரேடர்ஸ், சோழபுரம். ஜெபராணி எங்கள் வகுப்பில் முன் வரிசையில் உட்காரும் பெண்.

வராந்தாவிலிருந்து முரளியின் குரல் கேட்டது. "ஆமா பாப்பா, ரெண்டாவதா ஒரு மெசேஜ் வரும். அதுல உள்ள நம்பர மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்."

போர்டைப் பழையபடி சாய்த்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். என் கையையும் போர்டுகளையும் பார்த்தார்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"இந்த ஃபிளெக்ஸ் எங்க அடிச்சிய தம்பி? எங்க வீட்டுக்காரர் பட்டறைக்கு ஒண்ணு அடிக்கணும், அம்புட்டுப் பேரும் காசு கூடக் கேக்கான்" என்றேன். அவர் செத்துப்போன சிரிப்பு ஒன்றைச் சிரித்து ஒரு கடையைச் சொன்னார். நான் அதை இரண்டு முறை கேட்டு மனப்பாடம் செய்வது போல நடித்துவிட்டுப் படி இறங்கினேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஒருவருடைய ஆதாரையும் பான் கார்டையும் கரண்ட் பில்லையும், போனுக்கு வரும் நம்பரையும் வைத்து, அவர் வீட்டில் ஒரு வியாபாரம் நடப்பதாக ஜிஎஸ்டி பதிவு வாங்கிவிடலாம். வாசலில் ஒரு போர்டை மாட்டிப் போட்டோ எடுத்தால் சாட்சி. அதன் பிறகு சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுவார்கள். வரியில் வருகிற ஆதாயம் வேறு எவனுக்கோ. விசாரணை வரும்போது முதலாளி யார் என்று பார்த்தால், சுந்தரபாண்டியத்தில் வேலைக்குச் சேரக் காத்திருக்கும் ஒரு பெண். இந்தப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று சார் எங்களுக்குப் பாடமே நடத்தியிருந்தார். நான்கூடப் பரீட்சையில் அதை வரிசை மாறாமல் எழுதியிருந்தேன். பரீட்சையில் எழுதியது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தபோது எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தெருமுனையில் நின்று யோசித்தேன். மேலே போய்ச் சத்தம் போட்டால் ஆள் ஓடிவிடுவான், பிள்ளைகளின் ஆவணங்களும் அவனோடு போய்விடும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், போர்டைப் பார்த்தேன் என்ற ஒரு சொல்லைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை, அதை எழுதி வாங்குவதற்குள் அந்த நம்பரை அவள் சொல்லி முடித்திருப்பாள். மில்லில் எங்கள் மேஸ்திரியம்மா ஒருவர் சொல்வார், நூல் ஏன் அறுந்தது என்று பிறகு விசாரி, முதலில் மெஷினை நிறுத்து என்று. நிறுத்த வேண்டியது அந்த நம்பரை.

மாரீஸ்வரிக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடி செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. நான் என்பதால் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாலும் நம்பமாட்டாள். அவள் நம்புகிற ஆள் என்னை நம்பாதவர். அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

சார் எடுத்தவுடன், விடுமுறை நாளில் என்ன அம்மா என்றார். கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவார் என்று தெரியும். முரளி மோசடிக்காரன் என்றும் சொல்லவில்லை. அது என் முடிவு, அவருக்கு அதன் மேல் நம்பிக்கை கிடையாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"சார், அவர் ஆபீஸ் போய்ட்டு இப்பதான் கீழ எறங்கி நிக்கேன். மாரீஸ்வரி டிரேடர்ஸ், பழைய இரும்பு மொத்த வியாபாரம்னு போர்டு அடிச்சு வச்சிருக்காரு. அவ வீட்டு அட்ரஸ் போட்டிருக்கு. இப்ப போன்ல ஒரு நம்பர் கேட்டுக்கிட்டு இருக்காரு. என்னய நம்ப வேண்டாம் சார், அவளுக்கு ஒரு போன் மட்டும் போடுங்க."

டிரேடர்ஸ் என்றா இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

அந்தத் தெருமுனையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. முரளி இறங்கி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். சார் திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. முதல் நம்பரை அவள் காலையிலேயே சொல்லிவிட்டாளாம். இரண்டாவது வந்திருக்கிறது, என்ன மெசேஜ் என்று படிக்கக்கூட இல்லை, சொல்ல வாயெடுத்தபோது சாருடைய போன் வந்ததாம். ஜிஎஸ்டி பதிவுக்கான நம்பர் என்று அதில் இருப்பதை இப்போது படித்துப் பார்த்துவிட்டு அழுகிறாள் என்றார்.

ஜெபராணிக்கும் நீங்களே பேசுங்கள் சார் என்றேன். பேசியிருந்தார். ஜெபராணி இரண்டு நம்பரையும் இன்டர்வியூ முடிந்த மறுநாளே சொல்லி முடித்திருந்தாள்.

அன்று பிற்பகல் சாரும் நானும் கல்லூரி முதல்வர் அம்மாவைப் பார்த்தோம். அவருக்கு இது வெளியே தெரிவதில் விருப்பமில்லை. கல்லூரிக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தது நாம்தானே என்ற பயம். போர்டைப் போட்டோ எடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், அவ்வளவுதானே என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் மறுபடி வேலை கிடைக்காத வயிற்றெரிச்சல்காரி ஆகிவிட்டேன்.

அப்போது சார் பேசியதுதான் எனக்கு அவர் மீது இன்றுவரை உள்ள மரியாதைக்குக் காரணம். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மேடம், இந்தம்மா வந்து கேட்டப்போ நான்தான் திருப்பி அனுப்புனேன். போலீஸ்ல நானே சொல்றேன். வேலை போனாலும் பரவாயில்ல."

முதல்வர் அம்மா, புகாரைக் கல்லூரிப் பெயரிலேயே கொடுப்போம் என்று சொல்லி எழுந்தார்.

போலீஸ் போனபோது மாடியில் நாற்காலிகளும் ஃபேனும்தான் இருந்தன. போர்டுகள் இல்லை, மடிக்கணினி இல்லை. மாரீஸ்வரியின் போனில் இருந்த மெசேஜும் தையல்காரப் பெண் சொன்ன சொல்லும்தான் எங்களுக்குச் சாட்சி. சில மாதங்கள் கழித்து முரளி என்கிறவனை வேறு ஊரில் பிடித்தார்கள். அவனும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன்தானாம். அவனுக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாரீஸ்வரியின் பதிவு பாதியிலேயே நின்றுபோனது. மற்ற பிள்ளைகள் பலரும் தப்பினார்கள். ஜெபராணி தப்பவில்லை. அவள் பெயரில் பதிவு வந்து, பில்லும் போட்டிருந்தார்கள். பார்த்தே இராத இரும்புக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவளும் அவள் அம்மாவும் சோழபுரத்திலிருந்து அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். சார் கூடவே போனார், சில நாள் நானும் போனேன். கடைசியில் பெயரை நீக்கிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அவளுக்குக் கணக்கு என்ற சொல்லே கசந்துவிட்டது. இப்போது ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வழியில் பார்த்தால் சிரிப்பாள், நின்று பேச மாட்டாள். இரண்டு நாள் என் பொறாமையை எடைபோட்டுக்கொண்டிருந்தேனே, அந்த இரண்டு நாளில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் நம்பரைச் சொன்னது அதற்கும் முன்னால்தான் என்று சார் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கணக்கு சரிதான். இருந்தாலும் அவளைப் பார்க்கும்போது நான்தான் முதலில் தலையைக் குனிகிறேன்.

மாரீஸ்வரி நன்றி சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அப்படி நடக்கவில்லை. கடைசிப் பரீட்சை நாளில் தனியாக வந்து நின்றாள்.

"ஒங்களாலதான் வேலை போச்சுன்னு நான் சொல்லலக்கா. ஆனா எங்க தெருவுல அப்பிடித்தான் சொல்லுதாக. அப்பா ஒண்ணும் பேச மாட்டேங்காரு. எனக்கு அதான் தாங்கல."

ஒரு கெட்டது நடக்காமல் நிறுத்தினால், நடக்காத கெட்டது யார் கண்ணுக்கும் தெரியாது. நின்றுபோன வேலைதான் தெரியும். இந்தத் தொழிலில் நீங்கள் செய்யப்போகிற நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். அவளிடம் அன்று இதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா ஏட்டி என்று மட்டும் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த வருடமே எனக்கு இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் மேனேஜர் ஒரு கட்டு ரசீதைக் கையில் கொடுத்து, பிரித்து அடுக்கிக் காட்டச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். காரணத்தை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

மாரீஸ்வரிக்குக் கொஞ்சம் தாமதமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எனக்குச் சார் சொல்லித்தான் தெரியும். வருடங்கள் போயின. பொங்கலுக்கு ஒரு மெசேஜ், தீபாவளிக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான் எங்கள் உறவு.

போன வருடம் ஒரு மத்தியானம் அவளே போன் செய்தாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எடுத்த எடுப்பில் நலம் விசாரிக்கவில்லை. அவர்கள் அலுவலகத்துக்கு வெகுநாளாக வரும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், புதிதாக ஒரு பதிவு வாங்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் ஆவணங்களைக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆடிட்டர் ஐயா உடனே போடு என்று சொல்லிவிட்டார். மாரீஸ்வரி, அந்தம்மாவிடம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றிருக்கிறாள். வேண்டாம், அவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் என்றிருக்கிறார். இவள் முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி மகாராஜபுரத்துக்கே போய்விட்டாள். அந்த முகவரியில் ஓர் அம்மா தோட்ட வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். உங்கள் பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்களாமே என்று இவள் கேட்டதும், லோன் தருகிறோம் என்றுதானே ஆதாரை வாங்கிப் போனார்கள் என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வந்து ஆடிட்டரிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள். பதிவைப் போட மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அலுவலகத்தில் மற்றவர்கள் இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம்.

"நான் செஞ்சது சரியாக்கா?" என்றாள்.

போய்ப் பார்த்தாயே, அதுதான் சரி என்றேன். பிறகு, கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டேன்.

"வேலை போயிருச்சா ஏட்டி?"

"இன்னும் இல்லக்கா" என்றாள்.

டப்பாவை மூடினேன். மேனேஜரிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். சாயங்காலம் அவள் அந்த அலுவலகத்தை விட்டு இறங்கி வரும்போது, எப்படி வந்தாலும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று தோன்றியது.